அடையாற்றுச் சேற்றுப் புழுவுக்கு எந்தப் பெயர்?

கடலடிச் சேற்றிலும் மணலிலும் பவளப்பாறை இடுக்குகளிலும் வாழும் சுணைப்புழுக்கள், மண்புழுவும் அட்டையும் அடங்கிய வளைதசைப் புழுத் தொகுதியைச் சேர்ந்தவை. பாடநூல்கள் இவற்றைப் பாலிக்கீட்டா என்று குறிக்கின்றன. உடல் முழுவதும் கண்டம் கண்டமாகப் பிரிந்திருக்கும். பெரும்பாலானவற்றில் ஒவ்வொரு கண்டத்துக்கும் பக்கத்துக்கு ஒன்றாகச் சதைப்பற்றுள்ள பக்கக்கால்கள் இருக்கும்; அவற்றிலிருந்து கற்றைகற்றையாகச் சுணைகள் நீட்டிக்கொண்டிருக்கும். ஏற்கப்பட்ட பெயருடன் உலகில் 11,000-க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் உள்ளன. இனங்காண்பது என்றால், கையில் இருக்கும் ஒரு புழு இந்தப் பெயர்களில் எதற்கு உரியது என்று தீர்மானிப்பது. எதற்கும் உரியதல்ல என்றால் அதை நிறுவுவது. இரண்டாவது வேலை முதலாவதைவிடப் பல மடங்கு கடினம்.

சுணை என்பது மயிர் அல்ல. கைட்டினும் புரதமும் சேர்ந்த நுண்ணிய கம்பி அது. தோலுக்குள் இருக்கும் ஒரு சிறு பையில், அடியிலுள்ள ஒற்றைச் செல் அதை நுனியிலிருந்து தொடங்கி மெல்ல வார்த்து வெளியே தள்ளுகிறது. அந்தச் செல்லின் மேற்பரப்பு எப்படி மாறிக்கொண்டே போகிறதோ அப்படியே சுணையின் வடிவமும் அமைகிறது: சிலவற்றின் நுனி கத்தி, சிலவற்றில் கொக்கி, சிலவற்றில் சீப்பு, சிலவற்றில் நடுவே மூட்டு. வடிவம் தலைமுறை தலைமுறையாக மாறாமல் வருவதால் சுணைப்புழு வகைப்பாடு பெரும்பகுதி சுணையை நம்பியே நிற்கிறது.

குடும்பம் வரை கண்டுகொள்ள நுண்ணோக்கி பெரும்பாலும் தேவைப்படாது. முதுகில் செதில் அடுக்கியிருந்தால் பெரும்பாலும் பாலிநாய்டே. சுண்ணாம்புக் குழாய்க்குள் இருந்து வண்ண விசிறியை விரித்தால் செர்ப்புலிடே. தமிழகக் கடலில் இழுவலையில் சிக்கி வரும் குளோயியா, கம்பளிப்புழுவைப் போல வெண்சுணை போர்த்தியிருக்கும்; தொட்டால் சுணை தோலுக்குள் ஒடிந்து எரிச்சல் தரும். அது ஆம்பினோமிடே. நான்கு கண்ணும் உள்ளே மடியக்கூடிய தாடைக்குழலும் இருந்தால் கல்லூரி மாணவருக்குப் பழக்கமான நீரிஸின் குடும்பம். தடுமாற்றம் தொடங்குவது அதற்குக் கீழே, பேரினத்திலிருந்து சிற்றினத்துக்கு இறங்கும்போதுதான். அந்தத் தடுமாற்றத்துக்குச் சென்னைக் கரையிலேயே ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு: அடையாறு முதலிய கழிமுகங்களின் சேற்றில் வாழும் மார்ஃபைசா.

இந்தப் புழுவின் ஏட்டு வரலாறு தமிழகத்தில் அல்ல, ஒடிசாவின் சிலிக்கா ஏரியில் தொடங்குகிறது. கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தின் நெல்சன் அன்னண்டேலும் ஸ்டான்லி கெம்ப்பும் 1913, 1914 ஆண்டுகளில் அந்த உவர்நீர் ஏரியின் உயிரினங்களை முறையாகத் திரட்டினர். திரட்டியவற்றில் சுணைப்புழுக்கள் அயர்லாந்தின் ரோலண்ட் சதர்னிடம் போய்ச் சேர்ந்தன. அவர் 1921-இல் அருங்காட்சியக ஆய்வேட்டின் ஐந்தாம் தொகுதியில் வெளியிட்ட நீண்ட கட்டுரை, சிலிக்காவோடு இந்தியாவின் பிற நன்னீர், உவர்நீர்ப் புழுக்களையும் விவரித்தது. டயோபட்ரா வேரியபிலிஸ், டென்ட்ரோநீரிஸ் ஈஸ்துவரினா, இன்று நமலிகாஸ்டிஸ் இண்டிகா எனப்படும் புழு ஆகியவை அதில் பெயர் பெற்றன. மார்ஃபைசா கிரேவ்லியியும் அவற்றில் ஒன்று. இந்தியக் கழிமுகங்களில் வேலை செய்யும் எவரும் இன்றும் அந்தக் கட்டுரையைத் தாண்டிப் போக முடியாது. சதர்ன் வரைந்த படங்கள் அவ்வளவு கவனமானவை.

பெயருக்கு உரியவர் எஃப். எச். கிரேவ்லி. கல்கத்தாவில் பணியாற்றிய பின் 1920 முதல் 1940 வரை சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்தவர். மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவுக் கரையோர உயிர்களைப் பற்றி 1927-இல் அருங்காட்சியகம் வெளியிட்ட தொகுப்பு அவர் முன்னின்று செய்த வேலை. அந்தத் தொகுப்பின் சுணைப்புழுக்களுக்குப் பிரான்சின் பியர் ஃபோவெல் 1930-இல் ஒரு பின்னிணைப்பு எழுதினார். தமிழகக் கடற்புழுக்களின் ஆராய்ச்சிக்கு அடித்தளம் இட்டவை இந்த இரண்டு வெளியீடுகள்.

இனி, சேற்றிலிருந்து எடுத்த ஒரு புழு மார்ஃபைசாதானா என்பதை எப்படித் தீர்மானிப்பது? முதலில் தாடை. யூனிசிடே குடும்பத்தின் புழுக்களுக்கு வாயடியில் கருமையான கடினத் தாடைகள் பல இணைகளாக அடுக்கப்பட்டிருக்கும். கீழே ஒரு இணை உளித்தகடுகள். மேலே இடுக்கி வடிவ இணையும் அதற்குப் பின் பல்வரிசை கொண்ட தகடுகளும். தலைமடலின் மேல் ஐந்து நீட்சிகள் இருக்கும்: மூன்று உணர்கொம்புகள், இரண்டு தொடுநீட்சிகள் (பால்ப்புகள்). யூனிஸ் பேரினத்தில் இவற்றுக்குப் பின்னே, வாயைச் சூழ்ந்த வளையத்தின் முதுகில், இன்னும் ஒரு இணை மெல்லிய நீட்சி காணப்படும். மார்ஃபைசாவில் அது இல்லை. மார்ஃபைசாவின் தலைமடல் நடுவே பிளந்து இரண்டு மடலாகத் தெரியும். இவ்வளவும் கைப்பூதக்கண்ணாடிக்கு அகப்படும். பேரினம் முடிந்தது, அதற்குள் பல பத்துச் சிற்றினங்கள் காத்திருக்கின்றன.

சிற்றினத்தைப் பிரிக்கும் பண்புகள் உடல் நெடுகச் சிதறிக் கிடக்கின்றன. செவுள் எத்தனையாவது கண்டத்தில் தொடங்குகிறது, எத்தனை இழைகளாகக் கிளைக்கிறது, உடலின் எந்தப் பகுதியில் அது அதிகபட்சம் வளர்கிறது என்று பார்க்க வேண்டும். பின்பு பக்கக்கால் ஒன்றை வெட்டி எடுத்து கிளிசரினில் வைத்து நோக்கினால், மேல்கற்றையில் நுனி கூர்ந்த நீள்சுணைகளும், அவற்றினிடையே சீப்புச் சுணைகளும், கீழ்க்கற்றையில் மூட்டுள்ள கூட்டுச் சுணைகளும் தென்படும். கூட்டுச் சுணையின் மேல் துண்டு நீண்ட ஊசியாக இருக்கிறதா, குட்டைக் கொக்கியாக இருக்கிறதா, அல்லது கூட்டுச் சுணையே இல்லையா என்பதை வைத்துத்தான் கிறிஸ்டியன் ஃபௌசால்டு 1970-இல் மார்ஃபைசாவைக் குழுக்களாகப் பிரித்தார். பக்கக்காலின் உள்ளே தாங்கு கம்பியாக நிற்கும் கறுப்புத் தண்டுகளின் எண்ணிக்கை, அவற்றுக்குக் கீழே பின்பகுதியில் வரும் கொக்கிக்கு ஒரு பல்லா இரு பற்களா, அதுவும் எந்தக் கண்டத்திலிருந்து தொடங்குகிறது: எதையும் விட முடியாது.

இவற்றில் மிக நுட்பமானது சீப்புச் சுணை. ஒரே புழுவின் முன், நடு, பின் பகுதிகளில் இரண்டு அல்லது மூன்று வடிவங்களில் அது இருக்கும். ஒன்று மெல்லிய பற்கள் நெருங்கிய அகலச் சீப்பு. இன்னொன்று ஒரு சில தடித்த பற்கள் மட்டும் கொண்டது. சிலவற்றில் ஓரப் பல் மற்றவற்றைவிட நீளும், சிலவற்றில் எல்லாம் ஒரே அளவு. எலக்ட்ரான் நுண்ணோக்கி ஆய்வகங்களுக்கு வருவதற்கு முன் இந்த வேறுபாட்டை ஒழுங்காக எண்ணியவர் குறைவு. பழைய விவரிப்புகளில் சீப்பின் பற்களைப் பற்றி ஒரு வரி இருந்தாலே அதிகம். ஒன்றாகக் கருதப்பட்ட புழுக்கள் பின்னாளில் பலவாகப் பிரிந்ததற்குப் பாதிக் காரணம் இந்தச் சீப்பு.

புழுவே ஆய்வாளருக்கு எதிராகச் செய்யும் இரண்டு காரியங்கள் உண்டு. மண்வெட்டி பட்டதும் மார்ஃபைசா துண்டாகும். முன்பகுதி மட்டும் கையில் வரும், பின்பகுதி வளைக்குள் தங்கிவிடும். பின்பகுதிக் கொக்கியும் சீப்பும் இல்லாமல் எழுதும் எந்தப் பெயரும் அரைகுறைப் பெயர்தான். இன்னொன்று வளர்ச்சி. சிறிய புழுவில் செவுள் முன்னாலேயே தொடங்கி, இழைகள் குறைவாக இருக்கும். பெரியதாக வளர வளரத் தொடக்கம் பின்னால் நகரும், இழைகள் பெருகும். ஒரே சிற்றினத்தின் குட்டியையும் தாயையும் அருகருகே வைத்தால் இரண்டு இனங்கள் போலத் தோன்றக்கூடும். ஆகவே நல்ல விவரிப்பு ஒவ்வொன்றிலும் பத்தாவது கண்டத்தின் அகலம் அளவுகோலாகக் குறிக்கப்படும். ஏறத்தாழ ஒரே அகலமுள்ள புழுக்களைத்தான் ஒன்றோடொன்று ஒப்பிடுவார்கள். தமிழகத்தில் வெளியான இனப்பட்டியல்கள் பலவற்றில் இந்த அளவே காணப்படாது. பெயர் மட்டும் இருக்கும்.

சிலிக்காப் புழு சென்னைக்கு வந்து சேர்ந்தது ஒரு வளர்ச்சியியல் ஆய்வின் வழியாக. சென்னைப் பல்கலைக்கழக விலங்கியல் ஆய்வகத்தின் ஆர். கோபால ஐயர், லண்டன் லின்னேயன் சங்க இதழில் 1931-இல் உவர்நீர் மார்ஃபைசா ஒன்றின் இனப்பெருக்கத்தையும் கரு வளர்ச்சியையும் எழுதினார். அடையாற்றுச் சேற்றுத் திட்டுகளில் கூழ் போன்ற முட்டைத் திரள்கள் காம்பினால் மண்ணில் பிணைந்து நிற்கும். அவற்றை இட்டது எது, உள்ளே கரு எப்படி வளர்கிறது என்பதை அவர் பின்தொடர்ந்தார். புழுவை அவர் மார்ஃபைசா கிரேவ்லியி என்று கொண்டார். பிற்காலத்தில் சென்னை ஆய்வகங்களில் உப்புத்தன்மை, உடலியல் முதலிய சோதனைகளுக்கு இதே பெயரில்தான் இந்தப் புழு பயன்பட்டது. உயிரியல் தகவல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்தன. அடியில் இருந்த பெயரை மட்டும் யாரும் மறுபடி சோதிக்கவில்லை.

இந்தக் காலத்தில் இனங்காண்பவர் கையில் இருந்த நூல் ஃபோவெலுடையது. பிரான்சின் ஆஞ்ஜே நகரக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியரான அவர், பிரான்சு நாட்டுச் சுணைப்புழுக்களுக்கு 1923-இலும் 1927-இலும் இரண்டு பெருந்தொகுதிகள் எழுதியவர். இந்திய அருங்காட்சியகத் தொகுப்பை ஆராய்ந்து 1932-இல் ஒரு நூல் தந்தார். பிறகு இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, பர்மா, மலேயா அனைத்தையும் சேர்த்து இந்திய விலங்கினத் தொடரில் 1953-இல் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். ஐந்நூறு பக்கங்களுக்கு மேற்பட்ட அந்த நூலின் இனங்காண் திறவுகோல்கள் இல்லாமல் இந்தியாவில் இரண்டு தலைமுறை ஆய்வு நடந்திருக்காது. ஆனால் ஃபோவெலின் கண் ஒன்றிணைக்கும் கண். ஐரோப்பாவில் தாம் பார்த்த புழுவுக்கு ஓரளவு ஒத்திருந்தால் வங்கக்கடல் புழுவுக்கும் அதே பெயர் என்பது அவர் வழி. 1967-இல் வெளிவந்த ஜே. எச். டேயின் தென்னாப்பிரிக்க நூலும் இங்கே கைநூலாகப் பரவியது. அதுவும் பல இடங்களில் பரந்த பொருளிலேயே பெயர்களை ஆண்டது. விளைவாக ஆங்கிலக் கால்வாய்ப் புழுக்களும் மத்தியதரைக் கடல் புழுக்களும் பாம்பனிலும் பரங்கிப்பேட்டையிலும் கூட்டங்கூட்டமாக வாழ்வதாகப் பட்டியல்கள் காட்டின.

அப்படி உலகம் சுற்றிய பெயர்களில் முதலிடம் மார்ஃபைசா சங்குவினியாவுக்கு. இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையிலிருந்து ஜார்ஜ் மாண்டேகு அதை 1813-இல் நீரிஸ் சங்குவினியா என்று விவரித்தார். விவரிப்பு சில வரிகள்தான். அவருடைய மாதிரியும் எஞ்சவில்லை. பின்பு ஐரோப்பாவிலிருந்து ஆஸ்திரேலியா வரை, ஜப்பானிலிருந்து அமெரிக்கா வரை, இந்தியா உட்பட, சேற்றில் கிடைத்த செவ்விரத்த நிறப் பெரும்புழு எல்லாம் இந்தப் பெயரில் பதிவாயின. மூல மாதிரி இல்லாதபோது எது உண்மையான சங்குவினியா என்ற கேள்விக்கு விடையே கிடையாது. பாட் ஹட்ச்சிங்ஸும் பனயோட்டிஸ் கராஜியோர்கோப்புலோஸும் 2003-இல் இங்கிலாந்துக் கரையிலிருந்தே புதிய மாதிரி ஒன்றைத் தேர்ந்து, விதிப்படி நியோடைப்பாக, அதாவது இல்லாத மூல மாதிரிக்கு மாற்றாக, நிறுவி, அதன் சுணைகளை முழுமையாக விவரித்தனர். அதோடு ஒப்பிட்டதும் கிழக்கு ஆஸ்திரேலியாவில் நீண்ட காலமாகச் சங்குவினியா எனப்பட்டது வேறு புழு என்று தெரிந்தது. அது மார்ஃபைசா முல்லாவா ஆயிற்று.

கோபால ஐயரின் கூழ்த்திரள் இங்கேதான் வகைப்பாட்டுச் சான்றாக மாறுகிறது. கடல் நீரோட்டத்தில் வாரக்கணக்கில் மிதக்கும் இளவுயிரி உடைய புழு பல நாடுகளின் கரைகளில் பரவியிருக்கலாம். முட்டையைக் கூழில் பொதிந்து சேற்றில் நட்டுவைத்து, அதற்குள்ளேயே கருவை வளர்த்து, தாயின் அண்டையிலேயே குஞ்சை இறக்கிவிடும் புழு தானாகக் கடல் தாண்டுவது கடினம். கழிமுகத்துக்குக் கழிமுகம் தனித்துப்போன கூட்டங்களை எதிர்பார்ப்பதே நியாயம். ஆகவே இப்படிப்பட்ட பேரினத்தில் ஒரே சிற்றினம் உலகெங்கும் இருக்கிறது என்ற கூற்று வந்தால், அதை நிறுவும் பொறுப்பு கூறுபவருடையது.

விதிவிலக்கு மனிதர் கையால் நேர்கிறது. பிரான்சின் ஆர்க்கஷோன் விரிகுடாவில் தூண்டில் இரையாக விற்கப்பட்ட சங்குவினியாவை ஆராய்ந்த குழு, 2017-இல் அதைத் தனிச் சிற்றினமாக மார்ஃபைசா விக்டோரி என்று பெயரிட்டது. இரண்டே ஆண்டில் ஜப்பானிலும் அதே புழு கண்டறியப்பட்டது. கிழக்காசியாவிலிருந்து சிப்பி வளர்ப்பு, இரைப்புழு வணிகம் போன்ற ஏதோ ஒரு வழியில் அது ஐரோப்பா போயிருக்க வேண்டும் என்பதே இன்றைய கருத்து. பிரான்சில் கண்டு பிரான்சில் பெயரிடப்பட்ட புழு பிரான்சின் புழுவாக இல்லாமற் போனது வகைப்பாட்டாளரைக் கொஞ்சம் அடக்கி வைக்கும் செய்தி.

சென்னைப் புழுவின் பெயருக்கு இத்தகைய மறுசோதனை 2020-இல் வந்தது. ஹட்ச்சிங்ஸ், பிரான்சின் நிக்கோலா லவெஸ்க் ஆகியோரும் இந்திய ஆய்வாளர்களும் சேர்ந்த குழு, வங்கக்கடலோரக் கழிமுகத்திலிருந்து எடுத்த புழுக்களை உருவமைப்பு, டிஎன்ஏ இரண்டு வழியிலும் ஆராய்ந்து, மார்ஃபைசா மதராஸி என்ற புதிய சிற்றினத்தை ஜூடாக்ஸா இதழில் விவரித்தது. இறால் பொரிப்பகங்களுக்குத் தீனியாக வெட்டி விற்கப்படும் புழுதான் அது. நூறாண்டாக ஆய்வகமும் வணிகமும் கையாண்ட ஒரு பேரினத்தில், அதுவும் பெருநகரத்தின் பெயரைச் சுமந்து, புதிய சிற்றினம் வெளிப்பட்டது. இப்பகுதியிலிருந்து முன்பு பதிவான மற்ற மார்ஃபைசாக்களையும் அக்கட்டுரை மறுபார்வையிட்டது. அடையாறு, கோவளம், பழவேற்காடு என்று எங்கிருந்து வந்த புழுவானாலும், கிரேவ்லியி என்ற பழைய சீட்டு ஒட்டிய ஒவ்வொரு புட்டியும் இப்போது திரும்பப் பார்க்கப்பட வேண்டியதாகிவிட்டது.

இத்தகைய ஆய்வுக்குப் புழுவைச் சேகரிக்கும் முறையே மாற வேண்டியிருக்கிறது. உயிருள்ள புழுவை நேரே ஃபார்மலினில் போட்டால் சுருண்டு முறுக்கி, தாடையை வெளியே தள்ளி, கண்டங்களை உதறிவிடும். முதலில் மெக்னீசியம் குளோரைடு கரைசலில் மயக்க வேண்டும். தளர்ந்து நீண்டபின் படம் எடுத்து, உயிர் நிறத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். நிறம் புட்டிக்குள் சில நாளில் போய்விடும். ஃபார்மலின் உடலின் வடிவத்தைச் சிறப்பாகக் காக்கும், ஆனால் டிஎன்ஏயைச் சிதைக்கும். செறிந்த எத்தனால் டிஎன்ஏயைக் காக்கும், ஆனால் உடலை விறைக்கச் செய்து சுருக்கும். எனவே உடலிலிருந்து ஒரு சிறு துண்டை எத்தனாலில் தனியே இட்டு, மீதியை ஃபார்மலினில் வைத்து, இரண்டுக்கும் ஒரே எண்ணைக் கொடுப்பது வழக்கம். அந்த எண் தவறினால் இரண்டும் வீண். சிறு புழுக்களுக்கு அரை மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடை போதும். மார்ஃபைசாவுக்கு மண்வெட்டியும் பொறுமையும்.

டிஎன்ஏ ஆய்வில் பெரும்பாலும் படிக்கப்படுவது மைட்டோகாண்ட்ரியாவின் சிஓஐ மரபணுவில் ஏறத்தாழ 650 எழுத்து நீளமுள்ள ஒரு பகுதி. ஒரே சிற்றினத்தின் புழுக்களிடையே அதில் வேறுபாடு சில விழுக்காட்டுக்குள் அடங்கும். சிற்றினங்களுக்கிடையே பல குடும்பங்களில் 10 விழுக்காட்டைத் தாண்டும். கேட்பதற்கு எளிது. சிக்கல் என்னவென்றால், ஜென்பேங்க் போன்ற பொதுத் தரவகத்தில் உள்ள வரிசைகளின் பெயரைக் கொடுத்தவர்களும் அதே பழைய திறவுகோல்களை வைத்து இனங்கண்டவர்களே. கிழக்காசியாவிலிருந்து சங்குவினியா என்ற பெயரில் ஏற்றப்பட்ட வரிசைகள் பல, இங்கிலாந்தின் உண்மையான சங்குவினியாவோடு பொருந்தவில்லை. தரவகத்தில் 99 விழுக்காடு பொருத்தம் என்று கணினி காட்டினால், இரண்டும் ஒரே புழு என்று பொருள். அந்தப் புழுவுக்கு அங்கே எழுதியிருக்கும் பெயர் சரி என்று பொருள் அல்ல. மாணவர் ஆய்வேடுகளில் இந்த வேறுபாடு அடிக்கடி மறந்துபோகிறது.

பெயரிடுவதற்கு அனைத்துலக விலங்கியல் பெயரீட்டு விதிகள் உள்ளன. தொடக்கப் புள்ளி லின்னேயஸின் 1758-ஆம் ஆண்டு நூல். 1999-க்குப் பிறகு வெளியாகும் எந்தப் புதிய சிற்றினத்துக்கும் வகைமாதிரியை வெளிப்படையாகச் சுட்ட வேண்டும். அது எந்த நிறுவனத்தில் இருக்கிறது அல்லது வைக்கப்படும் என்றும் சொல்ல வேண்டும். மின்னிதழில் மட்டும் வெளியிட்டால் ஜூபேங்க் பதிவேட்டில் முன்பதிவு கட்டாயம். இது 2012 முதல். பெயருக்குப் பின் வரும் ஆசிரியர் பெயருக்கும் ஒரு நுட்பம் உண்டு. சதர்ன் தம் புழுவை முதலிலேயே மார்ஃபைசா என்று வைத்ததால் கிரேவ்லியிக்குப் பின் அவர் பெயர் நேராக வரும். மாண்டேகு நீரிஸ் என்று வைத்ததைக் காத்ர்ஃபாஜ் உருவாக்கிய மார்ஃபைசாவுக்குப் பின்னவர்கள் மாற்றியதால் சங்குவினியாவுக்குப் பின் அவர் பெயர் அடைப்புக்குறிக்குள் வரும். அந்தச் சிறு குறியைப் பார்த்தே ஒரு புழு பேரினம் மாறியதா என்று அறியலாம்.

பேரினப் பெயரே பறிபோன கதையும் சென்னையில் நடந்திருக்கிறது. கோபால ஐயரும் கே. எச். அலிகுன்ஹியும் சென்னைக் கடற்கரை மணல்துகள்களுக்கிடையே வாழும் மெல்லிய புழு ஒன்றை 1940-இல் விவரித்துப் பிசியோனெல்லா இண்டிகா என்று பெயரிட்டனர். அமெரிக்காவின் ஓல்கா ஹார்ட்மன் அதே பேரினப் பெயரை வேறொரு புழுவுக்கு முந்திய ஆண்டே கொடுத்துவிட்டிருந்தார். முந்தியதற்கே உரிமை என்பது விதி. ஆகவே சென்னைப் புழு பிசியோனிடென்ஸ் இண்டிகா ஆயிற்று. வேடிக்கை என்னவென்றால், இந்தப் பெயர் எதிர்த்திசையில் பயணித்தது. பசிபிக், அட்லாண்டிக் கரைகளிலும் மணலிடைப் புழுக்கள் சென்னைப் பெயரால் பதிவாயின. ஐரோப்பியப் பெயர்கள் இந்தியாவுக்கு வந்ததில் என்ன ஐயமோ அதே ஐயம் இந்தியப் பெயர் உலகெங்கும் போனதிலும் உண்டு.

சிற்றினத்துக்கு மேலே, குடும்பங்களை எப்படி அடுக்குவது என்பதிலும் பெரிய மாற்றம் நடந்துள்ளது. பழைய நூல்கள் நடமாடுபவை, குழாயில் தங்குபவை என்று வசதிக்காக இரண்டாகப் பிரித்தன. ஃபௌசால்டு 1977-இல் அந்தப் பிரிவை விட்டுவிட்டு வரிசைகளாக அடுக்கினார். டார்ஸ்டன் ஸ்ட்ரக்கும் கூட்டாளிகளும் பல மரபணுக்களை ஒப்பிட்டு 2011-இல் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வு, பழைய இரு பிரிவுகளையும் வேறு எல்லைகளோடு திரும்பக் கொண்டுவந்தது. மார்ஃபைசாவும் நீரிஸும் எர்ரான்ஷியாவில் நிற்கின்றன. செடன்டேரியாவுக்குள்தான் வியப்பு: மண்புழுவும் அட்டையும் அந்தக் கிளைக்குள் முளைத்த சிறுகிளை. காவேரிப்பாக்கம் ஏரிக்கரையில் மண்ணைப் புரட்டினால் நெளியும் மண்புழு, பக்கக்காலை இழந்து சுணையை மட்டும் வைத்துக்கொண்டு நிலத்துக்கு வந்த சுணைப்புழு என்றே சொல்ல வேண்டும். பாலாற்று ஓரமாக அங்கிருந்து வயலூர் முகத்துவாரம் வரை போனால், அதன் கடல் உறவினர்கள் பக்கக்காலோடு வாழும் சேறு வந்துவிடும். இந்தக் கணக்கில் பாலிக்கீட்டா என்பது மண்புழுவை நீக்கிவிட்டுச் சொன்னால் முறையான பிரிவாக நிற்காது. இன்று அது வழக்குப் பெயராகவே எஞ்சியிருக்கிறது.

பெயர் பிழைத்தால் கரையில் என்ன ஆகும் என்பதற்கு இறால் தொழிலே சான்று. மரக்காணம் முதலிய கடலோரப் பொரிப்பகங்களில் தாய் இறால் முட்டை வைப்பதற்கு உயிருள்ள பாலிக்கீட் புழு முதன்மைத் தீனி. அந்தப் புழு வெண்புள்ளி நோய் வைரஸைச் சுமந்து வந்து தாய் இறாலுக்குக் கொடுக்கக்கூடும் என்பதை வடதமிழகக் கரையின் எட்டு இடங்களிலும் புழு விற்பவர்களிடமும் எடுத்த மாதிரிகளைக் கொண்டு 2005-இல் வெளியான ஆய்வு முதன்முதலாகக் காட்டியது. அதில் புழுவின் பெயர் மார்ஃபைசா சிற்றினங்கள் என்று பேரின அளவிலேயே நிற்கிறது. குறைபோலத் தோன்றினும் அதுதான் சரியான முடிவு. சான்று எவ்வளவோ அவ்வளவே பெயர். நோயற்ற புழுவைப் பண்ணையில் வளர்க்க முயல்பவருக்கோ பேரினம் போதாது. கூழ்த்திரள் இடும் இனமா, எந்த உப்பில் முட்டையிடும், எத்தனை மாதத்தில் முதிரும் என்பதெல்லாம் சிற்றினத்தோடு மாறும் செய்திகள்.

மாசு கண்காணிப்பிலும் இதே நிலை. கரிமக் கழிவு தேங்கிய சேற்றில் மற்றவை மடிய, காபிட்டெல்லா காபிட்டாட்டா மட்டும் பெருகும் என்பது உலகளாவிய பாடம். ஆலைக் கழிவு, சாக்கடை, துறைமுகம் பற்றிய அறிக்கைகள் அந்தப் பெயரைத் தேடும். 1969-இல் அமெரிக்காவின் வெஸ்ட் ஃபால்மவுத்தில் எண்ணெய் கொட்டிய இடத்துப் புழுக்களை வளர்த்துப் பார்த்த ஜூடித் கிராஸ்ஸலும் ஃபிரெட்ரிக் கிராஸ்ஸலும், 1976-இல் அந்த ஒரே பெயருக்குள் குறைந்தது ஆறு சிற்றினங்கள் இருப்பதைக் காட்டினர். உருவில் ஏறத்தாழ ஒன்று. முட்டையின் அளவும் இளவுயிரியின் வாழ்க்கையும் வேறு. பெயருக்கு உரிய உண்மையான புழு 1780-இல் கிரீன்லாந்திலிருந்து விவரிக்கப்பட்ட குளிர்க்கடல் உயிர். எண்ணூர்ச் சேற்றில் காபிட்டெல்லா கிடைத்தால் அது மாசின் அறிகுறியாக இருக்கலாம். கிரீன்லாந்துப் புழுவாக இருப்பது அரிது.

கண்காணிப்பு ஆய்வகங்கள் இப்போது கடைப்பிடிக்க வேண்டிய நடைமுறை எளியது. சிற்றினம் உறுதியாகாத புழுவைப் பேரினத்தோடு நிறுத்தி, எடுத்த இடத்தின் அகலாங்கு நெட்டாங்கு, நாள், ஆழம், உப்பளவு, எடுத்தவர் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதிய சீட்டைப் புட்டிக்குள்ளேயே போட்டு, பதிவு எண்ணோடு இந்திய விலங்கியல் அளவை நிறுவனத்தின் சென்னைக் கடல் உயிரியல் மையம் போன்ற இடத்தில் ஒப்படைக்க வேண்டும். அறிக்கையில் அந்த எண்ணையும் அச்சிட வேண்டும். மையினால் எழுதிய சீட்டு எத்தனாலில் கரைந்துவிடும்.